பார்க்கின்சன் நோயில் தலைச்சுற்றல்: வீட்டில் எதைச் செய்யலாம், எதைத் தொடக் கூடாது?

என் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் வந்து 11 வருடம் ஆகிறது. கை நடுங்கும், நடை சுருங்கும், பேச்சு மெலியும் என்றெல்லாம் ஆரம்பத்திலேயே சொன்னார்கள். தலைச்சுற்றலைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர் முதல்முறை விழுந்தது நடுக்கத்தாலோ நடையாலோ அல்ல, நாற்காலியிலிருந்து எழுந்த பத்தாவது நொடியில் கண் இருட்டியதால். அதன் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதையும், இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் நரம்பியல் மருத்துவரைக் கேட்டுத்தான்.

பார்க்கின்சன் என்றால் நடுக்கம்தானே? தலை ஏன் சுற்ற வேண்டும்?

நடுக்கம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். இந்த நோய் மூளையில், உடம்பின் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் செல்களை மட்டும் தொடுவதில்லை. நாம் நினைக்காமலே உடம்பில் நடக்கும் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் தன்னியக்க நரம்புகளையும் தொடுகிறது. மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், அதிக வியர்வை, ரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் அந்தக் கணக்கில் வருபவை.

படுத்திருப்பவர் எழுந்து நின்றால் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். எல்லோருக்கும் இப்படித்தான். ஆனால் அடுத்த சில நொடிகளில் நரம்புகள் நோர்அட்ரினலின் என்ற பொருளைச் சுரந்து ரத்தக் குழாய்களை இறுக்குகின்றன, இதயத்தையும் கொஞ்சம் வேகப்படுத்துகின்றன. அதனால் ஒன்றும் தெரிவதில்லை. பார்க்கின்சனில் இந்த நரம்புகள் நலிந்துபோகின்றன. ரத்தம் இறங்குகிறது, மேலே தள்ள ஆள் இல்லை. மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து கண் இருட்டுகிறது. இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் பிரச்சினை உண்டு. நோய்க்குக் கொடுக்கும் மாத்திரைகளும் ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்குபவை என்பதால் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன.

எல்லாத் தலைச்சுற்றலும் இதுதானா?

இல்லை. கை வைத்தியம் தவறிப்போவது பெரும்பாலும் இங்கேதான். ‘தலை சுத்துது’ என்ற ஒரே வார்த்தைக்குள் மூன்று நான்கு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. எது என்று தெரியாமல் எதைக் கொடுத்தாலும் அது குருட்டு வைத்தியம்தான்.

எழுந்து நின்றதும் கண் இருட்டி, உட்கார்ந்ததும் சரியானால் அது ரத்த அழுத்தம் இறங்குவது. படுக்கையில் ஒரு பக்கம் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ அறையே சக்கரமாகச் சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் அது உள்காதின் கோளாறு. தலையில் ஒன்றும் தோன்றாமல், நடக்கும்போதும் திரும்பும்போதும் மட்டும் யாரோ தள்ளிவிடுவதுபோல் இருந்தால் அது சமநிலைக் குறைவு, நோயின் நேரடி விளைவு. மாத்திரையின் வேலை முடிந்து அடுத்த வேளை வருவதற்கு முன் படபடப்போடு ஒரு கிறுகிறுப்பு வருவதும் உண்டு.

உங்கள் அம்மாவிடமோ அப்பாவிடமோ ‘சுத்துதா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘அறை சுழலுதா, கண் இருட்டுதா, கால் நிற்கலையா?’ என்று பிரித்துக் கேளுங்கள். பதில் வித்தியாசமாக வரும்.

ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

மேல்கையில் கட்டிப் பார்க்கும் சாதாரண பிரஷர் கருவி ஒன்று போதும். பார்க்கின்சன் உள்ள வீட்டில் இதைவிடப் பயனுள்ள கை வைத்தியப் பொருள் கிடையாது என்று உறுதியாகச் சொல்வேன்.

5 நிமிடம் அசையாமல் படுக்க வைத்து முதல் அளவை எடுங்கள். பிறகு எழுப்பி நிற்க வைத்து 1 நிமிடத்தில் ஒருமுறை, 3 நிமிடத்தில் ஒருமுறை. கருவி கட்டிய கை இதயத்தின் மட்டத்தில் தாங்கலாக இருக்கட்டும், தொங்க வேண்டாம். கை நடுக்கம் அதிகமாக இருந்தால் கருவி தப்பாகக் காட்டும். நடுக்கம் குறைவான கையில் கட்டுங்கள். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும், பின்னால் ஒரு நாற்காலி தயாராக இருக்க வேண்டும். மயக்கம் வருவதுபோல் சொன்னால் அளவு முடியாவிட்டாலும் பரவாயில்லை, உட்கார வைத்துவிடுங்கள்.

மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலும், கீழ் எண் 10 அல்லது அதற்கு மேல் இறங்கினாலும் அது நிற்கும்போது ஏற்படும் ரத்த அழுத்தக் குறைவு. நாடித் துடிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். அழுத்தம் நன்றாக இறங்கியும் நாடி ஏறவே இல்லை என்றால் நரம்புதான் காரணம் என்று மருத்துவர் சந்தேகிப்பார். நாடி வேகமாக ஏறியிருந்தால் உடம்பில் தண்ணீர் குறைவு, ரத்தக் குறைவு என்று வேறு பக்கம் தேடுவார்.

எங்கள் நோட்டுப் புத்தகத்தில் முதல் நாள் எழுதியது இன்னும் இருக்கிறது: படுத்தபோது 148/82, நாடி 70. நின்ற 1 நிமிடத்தில் 112/68. 3 நிமிடத்தில் 104/64, நாடி 76. அந்த மூன்று வரியைப் பார்த்ததும் மருத்துவர் தலையசைத்தார். அதற்கு முன் பல மாதம் ஒவ்வொரு முறையும் அப்பாவை உட்கார வைத்துத்தான் பிரஷர் பார்த்திருந்தார்கள். ‘நார்மல்’ என்றே எழுதியிருந்தார்கள். உட்கார்ந்து பார்த்தால் இது பிடிபடாமலே போகலாம்.

ஒரே நாளில் நான்கு முறை பாருங்கள்: காலையில் எழுந்ததும், மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பின், படுக்கப் போகும் முன். ஒரு வாரம் பார்த்தால் எந்த நேரம் ஆபத்தான நேரம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

தலை சுற்றவில்லை என்கிறார். ஆனால் நின்றால் கழுத்தும் தோளும் வலிக்கிறது என்கிறார். சம்பந்தம் உண்டா?

உண்டு. கழுத்தின் பின்புறமும் இரண்டு தோள்களும் சேர்ந்த இடத்தில், சட்டை மாட்டும் ஹேங்கரின் வடிவத்தில் ஒரு வலி வரும். நிற்கும்போது அந்தத் தசைகளுக்கு ரத்தம் போதாததால் வருவது. படுத்தால் போய்விடும். பார்வை மங்குவது, யோசனை ஓடாமல் மந்தமாக நிற்பது, காரணமில்லாத அசதி, முழங்கால் திடீரென்று மடிவது எல்லாம் இதே காரணத்தால் வரலாம். சிலருக்கு அழுத்தம் நன்றாக இறங்கினாலும் எந்த அறிகுறியும் தெரியாது, நேராக விழத்தான் செய்வார்கள். அதனால்தான் அவர்கள் சொல்வதை மட்டும் நம்பாமல் அளந்து பார்க்கச் சொல்கிறேன்.

தலை சுற்றும் அந்த நேரத்தில் உடனே என்ன செய்வது?

உட்காருங்கள். முடிந்தால் படுத்துக் காலைத் தூக்கி வையுங்கள். ‘இன்னும் நாலு அடிதானே, கட்டிலுக்குப் போய்விடலாம்’ என்ற எண்ணம்தான் பலரை விழ வைக்கிறது.

உட்கார இடம் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால், எதையாவது பிடித்துக்கொண்டு ஒரு காலின் குறுக்கே மறு காலைப் போட்டுத் தொடைகளை இறுக்குங்கள். பிட்டத்தையும் இறுக்குங்கள், கை முஷ்டியை மடக்குங்கள். தசைகள் இறுகும்போது காலில் தேங்கிய ரத்தம் மேலே பிழியப்படுகிறது. சமநிலை குறைந்தவர்கள் கால் குறுக்கே போட வேண்டாம், இரண்டு காலும் தரையில் இருக்கத் தொடையை மட்டும் இறுக்கினால் போதும். மூச்சைப் பிடிக்கக் கூடாது, அது அழுத்தத்தை இன்னும் இறக்கும்.

மயங்கியே விட்டால் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். பதற்றத்தில் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மயக்கத்தில் இருப்பவரை நிமிர்த்தினால் மூளைக்குப் போகும் கொஞ்ச ரத்தமும் குறையும். நினைவு தெளியும் வரை வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். ஓரிரு நிமிடத்தில் தெளியவில்லை என்றால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

காலையில்தான் மிக மோசமாக இருக்கிறது. எப்படி எழுந்திருப்பது?

இரவெல்லாம் சிறுநீரில் உப்பும் தண்ணீரும் போய்விடுவதால் காலையில் உடம்பில் நீர் குறைவாக இருக்கும். அதனால் காலை எழுந்திருப்பதை ஒரு தனி வேலையாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் நடப்பது இது. இரவே ஒரு மூடிபோட்ட குவளையில் தண்ணீர் கட்டில் பக்கத்தில் இருக்கும். கண் விழித்ததும் அப்பா எழமாட்டார். படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் இருபது முப்பது முறை ஆட்டுவார், முஷ்டியை மடக்கி விரிப்பார். பிறகு தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீரை முழுவதும் குடிப்பார். கால்களைத் தொங்கவிட்டுக் கட்டில் விளிம்பில் இரண்டு மூன்று நிமிடம் இருப்பார். அந்த நேரத்தில் அன்று என்ன கிழமை என்று நான் கேட்பேன். பதில் உடனே வந்தால் சரி. தாமதமாக வந்தாலோ, கண் எங்கேயோ நிலைத்து நின்றாலோ மறுபடி படுக்க வைத்துவிடுவேன். எழுந்த பிறகும் கட்டிலைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் கால் மாற்றி மாற்றி மிதிப்பார். அதற்குப் பிறகுதான் முதல் அடி. மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். இதை ஆரம்பித்ததிலிருந்து காலையில் அவர் விழுந்ததில்லை.

இரவில் சிறுநீர் கழிக்க எழுவதும் இதே அளவுக்கு ஆபத்து. கட்டிலருகே சிறுநீர்க் குவளை வைத்துக்கொள்ள அப்பா முதலில் சம்மதிக்கவே இல்லை, கௌரவக் குறைச்சலாகப் பார்த்தார். இருட்டில் ஒருமுறை கதவில் மோதி நெற்றி கிழிந்த பிறகுதான் ஒத்துக்கொண்டார். ஆண்கள் நின்றபடி சிறுநீர் கழிக்காமல் உட்கார்ந்து போவது நல்லது.

தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம்?

ஒரு நாளைக்கு 1.5 முதல் 2 லிட்டர். இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

தண்ணீரை மருந்தாகவும் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரியாது. அரை லிட்டர் தண்ணீரை நாலைந்து நிமிடத்துக்குள் குடித்தால், இந்த நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் கணிசமாக ஏறுகிறது. சில நிமிடங்களில் ஆரம்பித்து அரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், ஒரு மணி நேரம்வரை நிற்கும். குளிக்கப் போகும் முன், வெளியே கிளம்பும் முன், அதிக நேரம் நிற்க வேண்டிய வேலைக்கு முன் இப்படிக் குடிக்கலாம். ஆனால் விழுங்கும்போது புரையேறுபவர்களுக்கு வேகமாகக் குடிக்கும் இந்த முறை சரிவராது. அவர்களுக்கு விழுங்கும் பயிற்சி தரும் நிபுணர் சொல்லும் வழிதான்.

அடிக்கடி சிறுநீர் போக வேண்டியிருக்கிறதே என்று வயதானவர்கள் ரகசியமாகத் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். அப்பாவும் செய்தார். மாலைவரை நன்றாகக் குடித்துவிட்டு, படுக்கும் முன் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் குறைத்துக்கொள்வதாக நாங்கள் உடன்பாட்டுக்கு வந்தோம்.

உப்பைக் கூட்டலாமா?

உப்பு நீரைப் பிடித்துவைக்கும், அழுத்தம் ஏறும். மருத்துவர்களே சிலருக்கு உப்பைக் கூட்டச் சொல்வது உண்டு. ஆனால் படுத்திருக்கும்போது பிரஷர் அதிகமாக இருப்பவர்களுக்கும், இதயமோ சிறுநீரகமோ சரியில்லாதவர்களுக்கும் இதே உப்பு கெடுதல். நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

சாப்பிட்டு முடித்ததும் கண்ணைக் கட்டுகிறது. ஏன்?

சாப்பிட்டதும் செரிமானத்துக்காக ரத்தம் குடலுக்குப் போகிறது. மற்ற இடங்களில் குழாய்கள் இறுகி அதை ஈடுகட்ட வேண்டும், இங்கே அது நடப்பதில்லை. சாப்பிட்ட 2 மணி நேரத்துக்குள் அழுத்தம் இறங்கலாம். மாவுச்சத்தும் இனிப்பும் நிறைந்த பெரிய சாப்பாட்டுக்குப் பின் இது அதிகம். மூன்று பெரிய வேளையை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரியுங்கள். சாப்பிடும் முன் ஒரு குவளை தண்ணீர். சாப்பிட்டதும் எழுந்து நடக்காமல் ஒரு மணி நேரமாவது சாய்ந்து உட்கார்ந்திருக்கட்டும். காலையிலோ மதியமோ சாப்பாட்டோடு ஒரு காபி குடித்தால் சிலருக்கு அழுத்தம் இறங்காமல் நிற்கிறது. மாலைக்கு மேல் காபி வேண்டாம், தூக்கம் கெடும்.

மாத்திரையும் சாப்பாடும் மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்கின்சனுக்கு முக்கியமாகக் கொடுக்கும் மருந்து லெவோடோபா, மூளையில் டோபமைனாக மாறுவது. புரதம் அதிகமுள்ள உணவு அதைக் குடலில் சரியாக உறிஞ்சவிடாது. பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் கழித்தோ போடச் சொல்வார்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் அதோடு சேர்த்துப் போடக் கூடாது.

இஞ்சி, அதிமதுரம், பூனைக்காலி என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இஞ்சி குமட்டலைத் தணிக்கும். மாத்திரையால் வயிற்றைப் புரட்டினால் இஞ்சித் தண்ணீர் குடிக்கலாம், எங்கள் வீட்டிலும் உண்டு. நின்றதும் அழுத்தம் இறங்குவதை அது தடுக்காது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுபவர்கள் அதிக அளவில் எடுக்கக் கூடாது.

அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பது உண்மை. அதனால்தான் கவனம் தேவை. தொடர்ந்து எடுத்தால் உடம்பில் பொட்டாசியம் குறையும், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். நின்றதும் அழுத்தம் இறங்காமலிருக்கச் சிலருக்குக் கொடுக்கும் ஃப்ளூட்ரோகார்டிசோன் மாத்திரையும் பொட்டாசியத்தைக் குறைப்பது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு.

பூனைக்காலி விதையைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். அதில் இருப்பது லெவோடோபாவேதான், மாத்திரையில் இருக்கும் அதே பொருள். வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. வேலை செய்யும் என்பதுதான் சிக்கல். பொடியில் எவ்வளவு லெவோடோபா இருக்கிறது என்று ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மாறும். லெவோடோபா மூளைக்குப் போகும் முன்பே உடம்பில் மாறிவிடாமல் தடுக்க மாத்திரையில் கூடவே இருக்கும் கார்பிடோபா இதில் இல்லை, அதனால் குமட்டலும் அழுத்தக் குறைவும் அதிகம் வரலாம். மாத்திரையும் போட்டு மேலே இதையும் எடுத்தால் மருந்தின் அளவு யாருக்கும் தெரியாமல் கூடிவிடும். கை கால் தானாக நெளிவது, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது, நின்றதும் விழுவது எல்லாம் வரும். பிறகு மருத்துவர் எந்த அளவைச் சரிசெய்வது? எடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் அவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காதீர்கள்.

பிரஷரைக் குறைக்கும் என்று சொல்லி விற்கும் எந்தச் சூரணமும் கஷாயமும் இவர்களுக்கு வேண்டாம். இறங்குவதுதானே இங்கே பிரச்சினை.

அறிமுகமான தலைச்சுற்றல் மாத்திரை ஒன்று வாங்கிப் போட்டால் என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். தலைச்சுற்றலுக்கும் வாந்திக்கும் சாதாரணமாகக் கொடுக்கும் பல மாத்திரைகள் மூளையில் டோபமைனைத் தடுப்பவை. பார்க்கின்சனில் ஏற்கெனவே குறைந்திருப்பது அதேதான். மெட்டோகுளோப்ரமைட், புரோகுளோர்பெரசின், புரோமெதசின், சின்னரிசின், புளுனரிசின் ஆகிய பெயர்களை ஒரு காகிதத்தில் எழுதி மருந்துப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். நோய் இல்லாதவருக்கே நடுக்கத்தையும் விறைப்பையும் கொண்டுவரக்கூடிய மருந்துகள் இவை.

நாங்கள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஒரு மருத்துவமனையில் தலைச்சுற்றல் என்று சொன்னதும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். என்ன நோய்க்கு மருந்து எடுக்கிறார் என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பத்து நாளில் அப்பாவால் படுக்கையில் தானாகப் புரள முடியவில்லை. முகத்தில் அசைவே இல்லை. சோற்றை மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தார். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து வீட்டில் எல்லோரும் அழுதோம். நரம்பியல் மருத்துவர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தார், உடனே நிறுத்தச் சொன்னார். பழைய நிலைக்கு வர ஆறு வாரம் ஆனது.

குமட்டலுக்கு இவர்களுக்குப் பெரும்பாலும் டோம்பெரிடோன் கொடுப்பார்கள், அது மூளைக்குள் அதிகம் நுழையாது. ஆனால் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது என்பதால் அதையும் கேட்காமல் வாங்கக் கூடாது.

லெவோடோபா போட்டதும்தான் தலை சுற்றுகிறது. நிறுத்திவிடலாமா?

திடீரென்று நிறுத்தவே கூடாது. கடும் காய்ச்சல், உடம்பு மரக்கட்டையாக விறைப்பது, நினைவு தடுமாறுவது என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். அளவைப் பிரித்து அடிக்கடி கொடுப்பது, மெதுவாகக் கூட்டுவது என்று மருத்துவரிடம் வழிகள் இருக்கின்றன. மாத்திரையை உட்கார்ந்தபடி முழுக் குவளை தண்ணீரோடு போட்டு, அடுத்த ஒரு மணி நேரம் எழும்போது கவனமாக இருங்கள்.

குற்றவாளி வேறு மாத்திரையாகவும் இருக்கலாம். வருடக்கணக்கில் போட்டுவரும் பிரஷர் மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை, புரோஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், சில மனச்சோர்வு மாத்திரைகள், பார்க்கின்சனுக்கே கொடுக்கும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் எல்லாம் அழுத்தத்தை இறக்கும். 50 வயதில் தேவைப்பட்ட பிரஷர் மாத்திரை இப்போது அதே அளவில் தேவைப்படாமல் போயிருக்கலாம். இதைக் கேளுங்கள், கேட்கத் தயங்காதீர்கள்.

காலுக்கு இறுக்கமான சாக்ஸ் போடச் சொன்னார்கள். பயன் உண்டா?

முழங்கால்வரை இருப்பதில் பயன் குறைவு. ரத்தம் அதிகம் தேங்குவது தொடையிலும் வயிற்றிலும். இடுப்புவரை வரும் அழுத்தக் காலுறை நன்றாக வேலை செய்யும், ஆனால் விரல் நடுங்குபவர் அதைத் தானாகப் போடவே முடியாது. வயிற்றைச் சுற்றிக் கட்டும் இறுக்கமான பெல்ட் எளிது. படுத்திருக்கும்போதே கட்டி, எழுந்து, மறுபடி படுக்கும்போது கழற்றிவிட வேண்டும்.

படுத்தால் பிரஷர் ஏறுகிறது, நின்றால் இறங்குகிறது. இதென்ன புதிர்?

நரம்புகள் இரண்டு பக்கமும் சரிக்கட்ட முடியாததால் வருவது இது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே 6 முதல் 9 அங்குல உயரத்துக்கு உறுதியான கட்டைகளை வைத்துக் கட்டிலையே சாய்க்க வேண்டும். தலையணைகளை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். கட்டில் சாய்ந்தால் இரவுப் பிரஷர் குறையும், இரவில் சிறுநீரும் குறையும், காலைத் தலைச்சுற்றலும் குறையும். பகலில் மட்டமாகப் படுக்காமல் சாய்வு நாற்காலியில் ஓய்வெடுப்பது நல்லது.

வேறு எவை தூண்டும்?

வெப்பம், வெந்நீர்க் குளியல், மது, மலச்சிக்கலில் முக்குவது, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சிறுநீர்த் தொற்று. நன்றாக இருந்தவர் இரண்டு நாளில் திடீரென்று மோசமானால் முதலில் தொற்றைத் தேடுங்கள். குளியலறையில் வழுக்காத ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, வெதுவெதுப்பான நீரில் உட்கார்ந்து குளிக்கட்டும்.

உடற்பயிற்சியை நிறுத்திவிடலாமா?

கூடாது. படுத்தே கிடந்தால் அழுத்தம் இன்னும் மோசமாக இறங்கும். உட்கார்ந்தோ படுத்தோ செய்யும் பயிற்சிகள், சாய்ந்து மிதிக்கும் சைக்கிள் ஆகியவை பாதுகாப்பானவை. முடித்ததும் சட்டென்று நிற்க வேண்டாம்.

படுக்கையில் புரண்டால் அறை சுழல்கிறது. அதற்கு?

உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிவைக்கும் எப்லி முறையால் பலருக்கு ஓரிரு தடவையிலேயே சரியாகிறது. கழுத்து விறைத்தவர்களுக்கு அதைப் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும், காணொளியைப் பார்த்து நீங்கள் முயல வேண்டாம்.

இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால்?

மிடோட்ரின், ட்ராக்ஸிடோபா, ஃப்ளூட்ரோகார்டிசோன் போன்ற மருந்துகள் இருக்கின்றன. மூன்றுமே படுத்திருக்கும்போது பிரஷரை ஏற்றக்கூடியவை. மிடோட்ரினைப் படுக்கப் போவதற்கு 4 மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும், போட்ட பிறகு மட்டமாகப் படுக்கக் கூடாது.

எப்போது தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

தலைச்சுற்றலோடு முகம் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, பேச்சு குழறுவது, இதுவரை இல்லாத கடுமையான தலைவலி, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கறுப்பாக மலம் போவது, அடிக்கடி மயங்குவது. தலை அடிபட்டால், முக்கியமாக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுபவராக இருந்தால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் போக வேண்டும். போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும், கை வைத்தியப் பொடிகள் இருந்தால் அந்த டப்பாக்களையும், பிரஷர் எழுதிய நோட்டையும் ஒரே பையில் எடுத்துப்போங்கள். பார்க்கின்சன் என்பதை உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். லெவோடோபா போடும் நேரங்களையும் எழுதிக் கொடுங்கள், அங்கே காத்திருக்கும் நேரத்திலும் ஒரு வேளை தவறிவிடக் கூடாது.